உங்களுக்குத் தெரியுமா? போர் விமானிக்கு மூன்று வருட லீவு!

பணியில் இருக்கும் போர் விமானி ஒருவர், "மூன்று வருடம் வெளியே இருந்துவிட்டுத் திரும்ப வருகிறேன்" என்று விண்ணப்பம் கொடுத்து, அனுமதி கிடைத்தால் வீட்டுக்குப் போக முடியும். வேலை போகாது. குடும்பத்துக்குக் கிடைக்கும் மருத்துவ வசதியும் நிற்காது. அமெரிக்க ராணுவத்தில் இதற்கென்று சட்டமே இருக்கிறது. 2009 நிதியாண்டுக்கான பாதுகாப்புச் சட்டத்தில் பரிசோதனை முயற்சியாக நுழைந்து, 2019 நிதியாண்டுச் சட்டத்தில் நிரந்தரமான திட்டம் இது. பெயர் 'கேரியர் இன்டர்மிஷன்'. சினிமா தியேட்டரில் விடும் அதே இன்டர்மிஷன்தான். படிக்கப் போகலாம், குழந்தை வளர்க்கலாம், நோயில் கிடக்கும் பெற்றோரைக் கவனிக்கலாம். படைகளின் எந்தப் பிரிவினரும் கேட்கலாம் என்றாலும், இதனால் படைக்கு அதிக லாபம் கிடைக்கக்கூடிய இடம் விமானிகளின் அறைதான். அதற்கான காரணங்கள்தான் இந்த இதழின் துணுக்குகள்.

ஒரு விமானிக்கு எவ்வளவு செலவு?

அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனம் 2019-இல் ஒரு கணக்குப் போட்டது. ஒருவரை அடிப்படைத் தகுதியுள்ள விமானியாக்கி முடிக்க எவ்வளவு ஆகிறது? சி-17 சரக்கு விமானம் என்றால் சுமார் 11 லட்சம் டாலர். எஃப்-16 போர் விமானத்துக்கு 56 லட்சம். எஃப்-35-க்கு ஒரு கோடியைத் தாண்டுகிறது. எஃப்-22-க்கு ஒரு கோடியே ஒன்பது லட்சம் டாலர். தகுதி பெற்ற பிறகு வருடக்கணக்கில் பறந்து சேரும் அனுபவம் இந்தக் கணக்கில் வரவே வராது. கூடுதல் போனஸ் கொடுத்தாவது இருக்கும் விமானியைத் தக்கவைப்பதுதான், புதிதாக ஒருவரைத் தயார் செய்வதைவிட மலிவு என்பது அந்த ஆய்வின் முடிவு.

புது ஆளை எடுத்தால் போதாதா?

போதாது. இந்த விஷயத்தில் பலரும் தவறவிடும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பயிற்சிப் பள்ளியை முடித்து ஸ்குவாட்ரன் எனும் விமானப் பிரிவுக்கு வரும் இளம் விமானி தனியாகப் போருக்குப் போய்விட முடியாது. இரண்டு அல்லது நான்கு விமானங்கள் கொண்ட அணியில், முன்னால் போகும் மூத்தவரின் பக்கத்தில் பறந்துதான் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும். பறக்கும் முன் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகத் திட்டம் விளக்குவதும் அந்த மூத்தவர்தான். இறங்கிய பிறகு, ஒளிப்பதிவைப் போட்டு நிறுத்தி நிறுத்தி "இந்த இடத்தில் ஏன் திரும்பினாய்?" என்று கேட்பதும் அவர்தான். அமெரிக்க விமானப்படைக் கணக்கில், ஒரு போர் விமானத்தில் பொதுவாக 500 மணி நேரம் பறந்தால்தான் ஒருவர் 'அனுபவசாலி'.

இப்போது மூத்தவர்கள் நான்கு பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள் என்று வையுங்கள். அணியை நடத்த ஆள் குறைகிறது. புதியவர்கள் தரையில் காத்திருக்கிறார்கள். அவர்களுக்கு 500 மணி நேரம் சேர இன்னும் அதிக வருடம் பிடிக்கிறது. மிச்சமிருக்கும் மூத்தவர்கள் தலையில் பயிற்சி, அட்டவணை, அலுவலகக் காகித வேலை எல்லாம் வந்து விழுகிறது. அலுத்துப்போய் அவர்களிலும் இரண்டு பேர் கிளம்புகிறார்கள். பள்ளியில் இருந்து எத்தனை பேரை அனுப்பினாலும் இந்தச் சுழல் நிற்காது. மேலே ஆள் இருந்தால்தான் கீழே ஆள் வளர முடியும்.

சுழல் எவ்வளவு வேகமாகச் சுற்றியது என்பதற்கு ஒரு புள்ளிவிவரம்: அமெரிக்க அரசுத் தணிக்கை அலுவலகம் 2018-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2006 நிதியாண்டில் விமானப்படைக்குப் போர் விமானிகள் பற்றாக்குறை 192. 2017-இல் அது 1,005. அதாவது நூறு இடத்துக்கு 27 இடம் காலி.

ஏன் முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு வயதில் கிளம்புகிறார்கள்?

அமெரிக்க விமானப்படையில் விமானிப் பயிற்சி முடிந்த நாளில் இருந்து பத்து வருட ஒப்பந்தம் ஓடும். அது தீரும்போது வயது முப்பதுகளின் முதல் பாதி. வீட்டில் சின்னக் குழந்தைகள், வேலைக்குப் போகும் கணவனோ மனைவியோ, அடிக்கடி ஊர் மாற்றம், மாதக்கணக்கில் வெளிநாட்டுப் பணி. எல்லாம் ஒரே நேரத்தில் நெருக்கும் வயது.

வாசலில் பயணிகள் விமான நிறுவனம் நிற்கிறது. 2009 பிப்ரவரியில் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் நிறுவனத்தின் பயணிகள் விமானம் விழுந்து நொறுங்கிய விபத்துக்குப் பிறகு, பயணிகள் விமானம் ஓட்ட 1,500 மணி நேர அனுபவம் வேண்டும் என்று அமெரிக்கா விதித்தது. ராணுவ விமானிக்கு மட்டும் 750 மணி நேரம் இருந்தால் துணை விமானியாகச் சேரலாம். ஆக, நிறுவனங்கள் முதலில் தேடுவது இவர்களைத்தான். டெல்டா நிறுவன விமானிகள் 2023-இல் நான்கு ஆண்டுகளில் மொத்தம் 34 சதவீத ஊதிய உயர்வு வாங்கினார்கள்.

சம்பளத்தைவிடப் பெரிய இழுப்பு ஒன்று உண்டு. சீனியாரிட்டி. அமெரிக்க விமான நிறுவனங்களில் எந்த விமானம் ஓட்டுவது, எந்த ஊரில் இருந்து ஓட்டுவது, தீபாவளி மாதிரி அவர்களுக்கு முக்கியமான கிறிஸ்துமஸ் அன்று வீட்டில் இருப்பதா இல்லையா, எல்லாமே சேர்ந்த தேதியின் வரிசைப்படிதான். 65 வயதில் கட்டாய ஓய்வு. ஒரு வருடம் தாமதமாகச் சேர்ந்தால் அந்த இழப்பு ஓய்வுபெறும் நாள்வரை கூடவே வரும். "இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம்" என்று ராணுவத்தில் தங்கப் பலருக்கும் மனம் வராததற்கு இதுவும் காரணம்.

பணத்தால் எவ்வளவு தூரம்?

தங்கும் விமானிக்கு ஆண்டுக்கு 25,000 டாலர் போனஸ் என்பது நெடுங்காலம் உச்சவரம்பாக இருந்தது. 2017 நிதியாண்டுச் சட்டம் அதை 35,000 ஆக்கியது. 2023-இல் 50,000 ஆனது. போனஸ் வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் பக்கவாதத்தில் விழுந்த அப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு வருடம் இருக்க நினைப்பவருக்கு 50,000 டாலர் எந்த விதத்தில் உதவும்? அவருக்கு வேண்டியது காலம். அதைக் கொடுப்பது இந்த இடைவேளை விதிதான்.

இடைவேளையில் சம்பளம் உண்டா?

உண்டு, ஆனால் பெயருக்குத்தான். மாத அடிப்படைச் சம்பளத்தில் முப்பதில் இரண்டு பங்கு, அதாவது இரண்டு நாள் சம்பளம். 7,500 டாலர் வாங்கியவருக்கு 500 டாலர் வரும். வெளியே வேறு வேலை பார்த்துச் சம்பாதிக்கத் தடையில்லை. சேர்ந்திருக்கும் விடுப்பில் 60 நாள் வரை அப்படியே வைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவுக்குள் விரும்பும் ஊருக்குக் குடிபெயர அரசே செலவு கொடுக்கும்.

வெளியே இருக்கும் காலம் பென்ஷனுக்குரிய 20 ஆண்டுக் கணக்கில் சேராது. பெயர் ரிசர்வ் பட்டியலில் இருப்பதால், நாட்டுக்கு அவசரம் என்றால் கூப்பிடவும் செய்யலாம்.

ஒரு மாதத்துக்கு இரண்டு மாதம்

எடுக்கும் ஒவ்வொரு மாத இடைவேளைக்கும் இரண்டு மாதம் கூடுதலாகப் பணியாற்ற வேண்டும். மூன்று வருடம் போனால் ஆறு வருடம் பாக்கி. ஏற்கெனவே இருக்கும் ஒப்பந்தம் இதில் கழியாது, அதன் மேல் இது சேரும். கண்டிப்பான விதி என்று தோன்றலாம். படையின் பக்கம் நின்று பார்த்தால் இதைவிட நல்ல பேரம் கிடையாது. 33 வயதில் விமான நிறுவனத்துக்குப் போயிருக்க வேண்டியவர் 36-இல் திரும்பி வந்து 42 வரை இருக்கிறார். அதற்குள் 20 ஆண்டுப் பென்ஷன் கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிடும். அப்போது விட்டுப் போக மனம் வருவது அபூர்வம்.

முதலில் துணிந்தது யார்?

கடற்படை. 2009-லேயே தொடங்கிவிட்டது. மரைன் கோர் 2013-இல் வந்தது. தரைப்படையும், விமானிப் பஞ்சத்தில் அதிகம் தவித்த விமானப்படையும் 2014-இல்தான் வந்து சேர்ந்தன.

133

படைக்கு ஆண்டுக்கு 20 அதிகாரிகள், 20 வீரர்கள் என்று ஆரம்பத்தில் உச்சவரம்பு வைத்தார்கள். நான்கு படைக்கும் சேர்த்து ஆண்டுக்கு 160 இடம். 2015 ஜூலை வரை மொத்தம் சேர்ந்தவர்கள் 133 பேர். ஓர் ஆண்டுக்கான இடங்களே நிரம்பவில்லை. பிறகு அந்த வரம்பையே சட்டத்தில் இருந்து எடுத்துவிட்டார்கள்.

இவ்வளவு நல்ல திட்டத்துக்கு ஏன் ஆள் வரவில்லை?

அமெரிக்க அதிகாரிகளின் பதவி உயர்வு 1980-இல் வந்த ஒரு சட்டத்தின்படி நடக்கிறது. ஒரே ஆண்டில் சேர்ந்தவர்கள் ஒரே அணியாக ஒன்றாகப் போட்டியிடுவார்கள். இரண்டு முறை தேர்வாகாவிட்டால் பெரும்பாலும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மேலே ஏறு, இல்லை வெளியேறு என்பதுதான் நடைமுறை. இதில் ஒரு விமானிக்கு நேரம் எண்ணி வைக்கப்பட்டிருக்கிறது: இத்தனை வருடத்துக்குள் அணித் தலைவர், அதற்குள் பயிற்றுநர், பிறகு கல்லூரி, பிறகு தலைமையகத்தில் ஒரு பணி, பிறகு ஸ்குவாட்ரன் கமாண்டர். நடுவில் மூன்று வருடம் காணாமல் போனால்?

சட்டம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. இடைவேளை எவ்வளவோ அவ்வளவு தூரம் பதவித் தேதியைத் தள்ளிவைக்கலாம். 2012-ஆம் ஆண்டு அணியில் இருந்தவர் மூன்று வருடம் போய் வந்தால், 2015 அணியோடு போட்டியிடுவார். ஏட்டளவில் நியாயமான ஏற்பாடுதான்.

தேர்வுக் குழுவின் மேஜையில் என்ன நடக்கிறது? குழுவில் உட்காரும் உயர் அதிகாரிகள் பெரும்பாலும் ஒரு நாள்கூட இடைவேளை எடுக்காமல் மேலே வந்தவர்கள். அவர்கள் கையில் இருக்கும் கோப்பில் ஆண்டுதோறும் ஒரு மதிப்பீட்டு அறிக்கை இருக்கும். இவருடைய கோப்பில் மூன்று வருடத்துக்கு அது இருக்காது. "இவருக்கு ஆர்வம் குறைவோ?" என்று ஒருவர் மனதில் தோன்றினால் போதும். கேட்கவும் ஆள் இல்லை, மறுக்கவும் ஆள் இல்லை. இந்தப் பயம் ஸ்குவாட்ரன் முழுக்கப் பரவிவிட்டால், எந்தச் சலுகையாலும் விண்ணப்பம் வராது.

என்னைக் கேட்டால், இந்தத் திட்டத்தின் உயிர் பதவி உயர்வில்தான் இருக்கிறது. இடைவேளை எடுத்துத் திரும்பியவர்களில் சிலர் ஸ்குவாட்ரன் கமாண்டர் நாற்காலியில் உட்காருவதை இளம் விமானிகள் கண்ணால் பார்க்க வேண்டும். அப்படி ஓர் ஆள் செய்யும் பிரசாரத்தை எந்தச் சுற்றறிக்கையும் செய்துவிடாது. 2019 நிதியாண்டுச் சட்டம், சில காரணங்களுக்காகப் பதவி உயர்வுக் குழுவின் பரிசீலனையை ஒத்திவைக்கும்படி அதிகாரியே கேட்கவும் இடம் கொடுத்தது. நல்ல திருத்தம் அது.

மூன்று வருடம் கழித்து விமானத்தில் ஏறினால்?

சைக்கிள் ஓட்டக் கற்றால் மறக்காது என்பார்கள். போர் விமானம் அப்படி அல்ல. திரும்பி வருபவர் முதலில் மருத்துவப் பரிசோதனைக்குப் போகிறார். பிறகு வகுப்பறை. அங்கே 'போல்ட்ஃபேஸ்' என்று ஒன்று காத்திருக்கும். எஞ்சின் தீப்பிடித்தால், விமானம் கட்டுப்பாட்டை இழந்து சுழன்றால், அடுத்த நொடிகளில் செய்ய வேண்டியவை கையேட்டில் தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கும். அதை வரிக்கு வரி, சொல்லுக்குச் சொல் மனப்பாடமாக எழுத வேண்டும். ஒரு வார்த்தை மாறினாலும் தவறுதான். பறக்க விடமாட்டார்கள்.

உடம்பும் பழக வேண்டும். வேகமாகத் திரும்பும் போர் விமானத்தில் புவியீர்ப்பைப் போல ஒன்பது மடங்கு அழுத்தம் வரலாம். தலையும் ஹெல்மெட்டும் சேர்ந்து 7 கிலோ என்றால், அந்த நேரத்தில் கழுத்து தாங்குவது 63 கிலோ. ரத்தம் மூளையில் இருந்து கீழே இறங்கப் பார்க்கும். அதைத் தடுக்கக் கால், தொடை, வயிறு எல்லாவற்றையும் இறுக்கிக்கொண்டு, ஏறக்குறைய மூன்று நொடிக்கு ஒரு முறை சடாரென்று மூச்சை மாற்ற வேண்டும். தாமதித்தால் முதலில் நிறங்கள் மங்கும், பிறகு பார்வை சுருங்கும், அடுத்து நினைவே போகும். இந்த மூச்சுப் பழக்கம் விட்டுப்போயிருக்கும். தரையிலேயே சுழலும் ராட்டின எந்திரத்தில் ஏற்றிப் பயிற்சி கொடுக்கும் முறை இதற்காகத்தான்.

பிறகு சிமுலேட்டர். பிறகு நிஜ விமானம். எஃப்-16-இல் இரண்டு இருக்கை கொண்ட வகை உண்டு என்பதால் பின்னால் பயிற்றுநர் உட்காரலாம். எஃப்-22, எஃப்-35 இரண்டிலும் இரட்டை இருக்கையே கிடையாது. இடைவேளைக்குப் பின் முதல் தடவை ஏறும்போதே உள்ளே ஒற்றை ஆள்தான். பயிற்றுநர் பக்கத்தில் இன்னொரு விமானத்தில் பறந்தபடி ரேடியோவில் பேசிக்கொண்டு வருவார்.

இவ்வளவும் செலவுதான். ஆனால் ஒரு கோடி டாலர் கொட்டி முதலில் இருந்து ஒருவரை உருவாக்கும் செலவோடு வைத்துப் பாருங்கள், இது சில்லறை.

பெண் விமானிகளும் இந்தத் திட்டமும்

அமெரிக்க விமானப்படைப் பெண்கள் விமானிப் பயிற்சியில் சேர்ந்தது 1976-இல். போர் விமானத்தின் கதவு திறந்தது 1993-இல். அந்த வாசல் வழியே முதலில் நுழைந்த ஜீனி லெவிட், 2012-இல் ஒரு போர் விமானப் பிரிவுக்கே தலைவரானார். கர்ப்ப காலத்தில் விரும்பினால், மருத்துவ அனுமதியோடு பறப்பதற்கான விதிகளை 2022-இல் விமானப்படை தளர்த்தியது. இந்த இடைவேளைத் திட்டம் பெண்களுக்கானது என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சு திட்டத்துக்கே கெடுதல். சட்டத்தில் ஆண், பெண் என்ற பிரிவே இல்லை. தகப்பன்களும் நிறைய எடுத்தால்தான், எடுக்கும் தாயை யாரும் தனியாகப் பார்க்கமாட்டார்கள்.

ஓய்வு பெற்றவர்களைக் கூப்பிட்ட கதை

பற்றாக்குறை முற்றியபோது, ஓய்வுபெற்ற விமானிகள் விரும்பினால் திரும்ப வரலாம் என்று 2017-இல் அமெரிக்க விமானப்படை அறிவித்தது. முதலில் 25 இடம். அடுத்த ஆண்டு அதை ஆயிரம் வரை விரித்தார்கள். போனவரைக் கூப்பிடுவதைவிட, போகாமல் இருக்க வழி செய்வது எளிது என்பதைப் படை மிகத் தாமதமாகப் புரிந்துகொண்டது.

பிரிட்டனிலும்

பிரிட்டனில் 2018-இல் ஒரு சட்டம் போட்டார்கள். 2019 ஏப்ரலில் இருந்து முழுநேரப் படைவீரர்கள் சில காலத்துக்குப் பகுதி நேரப் பணியாளராகலாம். அல்லது வீட்டை விட்டுத் தூரமாக அனுப்பும் நாட்களைக் குறைத்துக்கொள்ளலாம். முழுவதுமாக வெளியே போகாமல் பாதி இறங்கி நிற்கும் வழி இது.

நம் நாட்டில்?

இந்தியாவின் முதல் மூன்று பெண் போர் விமானிகளான பாவனா காந்த், அவனி சதுர்வேதி, மோகனா சிங் ஆகியோர் 2016 ஜூன் 18-இல் பொறுப்பேற்றார்கள். பயிற்சி தடைபடாமல் இருக்க, நான்கு ஆண்டுகளாவது தாய்மையைத் தள்ளிப்போடும்படி விமானப்படை அவர்களுக்கு ஆலோசனை சொன்னது அப்போது செய்தியானது. முப்படைப் பெண் அதிகாரிகளுக்கு 180 நாள் பேறுகால விடுப்பும், பணிக்காலம் முழுமைக்கும் சேர்த்து 360 நாள் குழந்தை வளர்ப்பு விடுப்பும் உண்டு. 2023 நவம்பரில் இதே உரிமை பெண் சிப்பாய்கள், கடற்படை, விமானப்படை வீராங்கனைகளுக்கும் கிடைத்தது. நல்ல காரியம். ஆனால் பதவி உயர்வு வரிசையைப் பாதுகாத்து, திரும்பி வந்தால் விமானத்தில் மறுபயிற்சிக்கு இடம் உறுதி செய்யும் நீண்ட இடைவேளை என்பது வேறு.

தேசிய பாதுகாப்பு அகாடமியில் இருந்து பெண்களின் முதல் அணி, 17 பேர், 2025 மே மாதம் படிப்பை முடித்து வெளியே வந்தது. அவர்களில் விமானியாகும் பெண்களும், அவர்களோடு படித்த ஆண்களும் 2035 வாக்கில் முப்பதுகளில் நிற்பார்கள். குழந்தை, பெற்றோர், விமான நிறுவன வேலை என எல்லாம் ஒன்றாகக் கதவைத் தட்டும் வயது அது. அவர்கள் ராஜினாமா எழுதும் நாள்வரை காத்திருக்க வேண்டாம். ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான இடைவேளை விதியை நம் விமானப்படை இப்போதே எழுத வேண்டும்.